பரண் கதவின் கதை

இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப்படித் தலைப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால், அநேகமாக உட்கூரையில் ஒரு சதுரப் பலகை தென்படும். அதைத் தூக்கினால் மேலே ஒரே இருட்டு. ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பரணில் தண்ணீர்த் தொட்டியும் உடைந்த நாற்காலியும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் கிடக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கிற கதவுக்குச் சரித்திரம் வேறு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது ஒரு கெட்டிக்கார தேசம் தன் காசை எந்த வழியாகத் தொலைத்தது என்கிற சரித்திரம்.

கதை ரம்ஃபோர்டு பிரபுவிடம் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 1753-ல் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்தவர். சுதந்திரப் போரின்போது சொந்த நாட்டாரை உளவு பார்த்து ஆங்கிலேயருக்குச் சேதி அனுப்பியவர். பிறகு பவேரியாவில் யுத்த மந்திரியாக இருந்தவர். நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அபாரமான மூளை! கம்பளியும் ரோமமும் இறகும் உடம்பைக் கதகதப்பாக வைத்திருப்பது ஏன் என்று அவர் சோதித்துப் பார்த்தார். இழைகளின் நடுவே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது என்று கண்டார். உஷ்ண ஆராய்ச்சிக்காக 1792-ல் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. 1796-ல் கணப்பு அடுப்பின் புகைக்கூண்டுத் தொண்டையைக் குறுக்கச் சொல்லிக் கட்டுரை எழுதினார். அறையின் வெப்பக் காற்றெல்லாம் புகைக்கூண்டு வழியாகவே ஓடிவிடுகிறதே என்பதுதான் அவர் கவலை. நின்ற காற்று காக்கும், ஓடுகிற காற்று கொண்டுபோகும் என்ற இரண்டும் இந்த ஒரே மனிதருக்குத் தெரிந்திருந்தன. அவருக்குப் பின் வந்தவர்கள் முதல் பாதியைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

நிலக்கரி எரிந்தவரை யாரும் பரண் பக்கம் கவனிக்கவில்லை. 1952 டிசம்பரில் லண்டனைக் கவிந்த புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நாளடைவில் கணப்புகள் அணைந்தன, புகைக்கூண்டுகளை அடைத்தார்கள், வீடு முழுவதும் வெந்நீர்க் குழாய் ஓடியது. 1973-ல் எண்ணெய் விலை நாலு மடங்காக ஏறத் தொடங்கவே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. பரணில் கண்ணாடி நூல் பஞ்சு பரப்புவதற்கு மானியம் கொடுக்க பிரிட்டன் 1978-ல் சட்டமே செய்தது. ஜனங்கள் ஏணி வைத்து ஏறிப் பஞ்சைப் பரப்பினார்கள். இறங்கும்போது அந்தச் சதுரப் பலகையைப் பழையபடி சார்த்திவிட்டு வந்தார்கள்.

அதனால் என்ன என்ற கேள்விக்கு அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து விடை வந்தது. நியூஜெர்ஸியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில், அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி வீடுகள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் ராபர்ட் சோகோலோ தலைமையில் ஒரு குழு 1972 முதல் அவற்றை ஆராய்ந்தது. ஒரே மாதிரி வீடுகளில்கூட ஒரு குடும்பத்தின் எரிபொருள் செலவு இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு இருந்தது. சரி, மனிதர்கள் பலவிதம் என்று விட்டுவிடலாம். கௌதம் தத் முதலியோர் கண்ட மற்றொரு விஷயத்தை அப்படி விட முடியவில்லை. பஞ்சு பரப்பிய பரண் குளிர்ந்து கிடக்கவேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்லியது. தெர்மாமீட்டரோ கணக்குக்கு அடங்காத சூட்டைக் காட்டியது!

துப்பறியும் நாவலைப்போலத் தேடினார்கள். இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவரின் கற்கள் உள்ளே கூடு. அதன் வழியே உஷ்ணம் ஏறியது. அடுப்புப் புகைக்குழாயைச் சுற்றி இருந்த இடுக்கு வழியாகவும் ஏறியது. பஞ்சைத் துளைக்க அது சிரமப்படவேயில்லை. பக்கத்து வழியாகப் போய்விட்டது. கணக்குப் பார்த்ததைவிடப் பல மடங்கு சூடு பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பரண் கதவும் அதே ஜாதி. வெப்பக் காற்று லேசானது. மேலே போய்ப் பலகையின் நாலு ஓரத்திலும் கசியும். போனதற்கு ஈடாகக் கீழே வாசற்கதவின் அடியில் குளிர்காற்று நுழையும். காலடியில் சில்லென்று காற்று வீசினால் வாசலைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். காரணம் தலைக்கு மேலே இருக்கும்! குளியலறை ஆவியும் சமையல் ஆவியும் அந்தக் காற்றோடு சேர்ந்து ஏறும். பஞ்சு பரப்பியதால் பரண் முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். ஆவி அங்கே உத்தரத்தில் பட்டுத் தண்ணீராக முத்து கோக்கும். நாளடைவில் பூஞ்சணம் பிடித்து மரம் உளுத்துப்போகும். செலவழித்துச் செய்த காரியம் கூரையையே தின்னத் தொடங்கும்.

பரிகாரம் என்னவோ சல்லிசுதான். சட்டத்தைச் சுற்றிப் பசை தடவிய ரப்பர் பட்டை. பலகையை அதன்மேல் இறுக்கிப் பிடிக்கக் கொக்கி. பலகையின் முதுகில் கெட்டியான நுரைப் பலகை. தற்காலத்தில் பிரிட்டனில் பரணுக்குச் சிபாரிசு செய்யும் பஞ்சு 270 மில்லிமீட்டர் கனம். அத்தனைக்கும் நடுவில் வெறும் பலகை ஒன்று ஒட்டுத் துணி இல்லாத கிழிசலைப்போல இருப்பது நியாயமா? கசிவு நின்றதா என்று பார்க்க நம் வீட்டு ஊதுவத்தி போதும். காற்றுள்ள நாளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓரத்தில் காட்டவேண்டும். புகை மேலே இழுபட்டால் இன்னும் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்த் தொட்டி பரணிலேயே இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. கதவை அடைத்தபின் கீழிருந்து கசிந்த சூடு தொட்டிக்குக் கிடைக்காது. ஆகையால் தொட்டிக்கும் குழாய்களுக்கும் உறை போடுவார்கள். தொட்டிக்கு நேர் அடியில் மட்டும் பஞ்சை விலக்கி வைப்பார்கள். இதை மறந்த வீடுகளில் ஜனவரி மாதம் குழாய் உறைந்து வெடித்து, உட்கூரை வழியே தண்ணீர் கட்டிலில் கொட்டும்.