நம் கழுத்துக்கு ஸ்கார்ஃப் வந்த கதை



இன்று நவம்பர் 7. பாரத சாரண சாரணியர் இயக்கம் தொடங்கிய நாள். சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு, கையில் உண்டியலோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இதைப் படிப்பவர்களில் பலர் என்னிடம் சாரணியராக இருந்தவர்கள். "டீச்சர், இது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?" என்று வகுப்பில் கேட்டவர்களும் உண்டு. மணி அடித்துவிடும் என்பதால் அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது பெரிய விஷயம். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகளும் வந்து நின்றார்கள். அதன் பிறகுதான், 1910இல், பெண்களுக்கென்று கைடு இயக்கம் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார்.

இந்தியாவுக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். 1911இல் ஜபல்பூரில் முதல் கைடு குழு. ஆனால் இரண்டிலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குத்தான் இடம். "சாரணர் எல்லோருக்கும் நண்பன்" என்பது சாரணர் விதி. அந்த விதியைச் சொல்லிக்கொண்டே இந்தியச் சிறுவனை வெளியே நிறுத்தினார்கள்.

இந்தக் கதவைத் தட்டியவர்களில் முக்கியமான ஒருவர் நம் சென்னையில் இருந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் அம்மையார். ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு, 1916-17 வாக்கில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அம்மையாருக்கு ஏறக்குறைய 70 வயது. ஹோம் ரூல் இயக்கத்துக்காக 1917இல் அவரை ஊட்டியில் காவலில் வைத்ததும் அதே காலத்தில்தான். அவருடைய சாரணர்கள் பயிற்சியெல்லாம் பேடன் பவல் முறையில்தான் செய்தார்கள். ஆனால் தலையில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள்.

வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நடத்தினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. உறுதிமொழியில் வரும் "அரசருக்குக் கடமை" என்ற சொல்தான் தடை என்று சாரணர் வரலாற்றில் சொல்வார்கள். 1937 டெல்லி ஜாம்பூரிக்குப் பிறகு, பேடன் பவல் இந்தியர்களைத் தாழ்த்திச் சொன்னதாகச் செய்தி பரவியது. பலர் வெளியேறினார்கள். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது.

சுதந்திரம் வந்த பிறகு நேருவும் கல்வி அமைச்சர் அபுல் கலாம் ஆசாத்தும் முயற்சி எடுக்க, 1950 நவம்பர் 7 அன்று பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாயின. 1951 ஆகஸ்ட் 15இல் கைடுகளும் சேர்ந்தார்கள். குன்ஸ்ரு முதல் தேசிய ஆணையர் ஆனார். உறுதிமொழியில் அரசர் போய் நாடு வந்தது. "கடவுள்" என்று சொல்ல விரும்பாத பிள்ளை "தர்மம்" என்று சொல்லலாம் என்றும் இடம் வைத்தார்கள். நாம் காலை அணிவகுப்பில் கடகடவென்று ஒப்பித்த அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வேறு நாடுகளிலும் இதே வழக்குதான். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர், கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் என்று நான்கு தனித்தனிச் சாரணர் அமைப்புகள் இருந்தன. டர்பன் தமிழ்ப் பிள்ளைகள் "இந்தியர்" வரிசையில். அவை ஒன்றானது 1977இல்தான். அமெரிக்காவிலோ, 1910இல் தொடங்கிய ஆண்கள் சாரணர் இயக்கம் சிறுமிகளுக்குக் கதவைத் திறந்தது 2018இல். அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் மகள்களைக் கேட்டால் மேலும் சொல்வார்கள்.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன்? ஒவ்வொரு காலத்திலும் கதவுக்கு வெளியே யாராவது நின்றிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நிறம் கேட்பவர் யாரும் இல்லை. ஆனால் சாரணியராகச் சேரப் பெயர் கொடுத்துவிட்டு, மறுநாள் "வேண்டாம் டீச்சர், வீட்டில் விடமாட்டார்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தடை ஒன்றும் இருக்காது. சீருடை, பெல்ட், ஷூ, முகாம் கட்டணம், இவ்வளவுதான் காரணம். பெரிய சீருடையை இரண்டு தையல் போட்டுச் சிறிதாக்கி, பழைய ஸ்கார்ஃபைத் துவைத்து இஸ்திரி போட்டு, சிலரைச் சேர்த்துக்கொண்டோம். அப்படிச் சேர்ந்தவர்களில் ராஜ்ய புரஸ்கார் வாங்கியவர்களும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

இன்று நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். சிலர் வெளிநாட்டில், சிலர் ஆவடியிலும் அம்பத்தூரிலும். பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருநாள் போங்கள். சாரணர் ஆசிரியரைப் பார்த்து, "எந்தப் பிள்ளைக்குச் சீருடை இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம். தினம் ஒரு நற்செயல் என்று நாம் படித்தது இதைத்தான்.

வீட்டில் பழைய ஸ்கார்ஃபோ விசில் கயிறோ இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். ரீஃப் முடிச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்