தரையை விடாத சக்கரம்

குறுக்காக ஓடும் பள்ளம் ஒன்றில் ஜீப் இறங்குகிறது. இடப்பக்க முன்சக்கரமும் வலப்பக்கப் பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்குகின்றன. அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும். என்ஜினில் எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் பயனில்லை. சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறதோ அதன் பக்கமே சுழற்சியை அனுப்பும். தொங்கும் சக்கரம் வெறுமனே சுற்ற, மண்ணில் பதிந்த சக்கரம் அசையாமல் நிற்கும். காட்டுப் பாதை வண்டிகளைக் கட்டியவர்கள் எண்பது ஆண்டுகளாக முட்டி மோதிவருவது இந்தச் சிக்கலோடுதான்: சக்கரம் தரையை விடக் கூடாது.

1941இல் போருக்காகத் தயாரான வில்லிஸ் எம்பி ஜீப்பில் முன்னும் பின்னும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு ஆக்சில். அதைத் தாங்க லீஃப் ஸ்பிரிங். நம் வில்வண்டிகளுக்கு அடியில் இருந்த அதே இரும்புப் பட்டை அடுக்குதான். போர் முடிந்ததும் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் மாரிஸ் வில்க்ஸ் ஜீப்பின் சேஸியையே வைத்து முதல் மாதிரி வண்டியைச் செய்து பார்த்தார். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம்) ஜீப்புக்கு இருந்த அதே 80 அங்குலம். ஸ்பிரிங்கும் அதே வகை.

லீஃப் ஸ்பிரிங்குக்கு இரட்டை வேலை. எடையையும் தாங்க வேண்டும், ஆக்சில் இடம் மாறாமலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் அசைவும் இறுகிப்போகும். பாரம் ஏற்ற நல்லது. சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போய்வர அவ்வளவு தோதில்லை.

ஜெர்மனியில் வேறு வழி பார்த்தார்கள். 1955இல் உற்பத்திக்கு வந்த உனிமாக் 404 லாரியில் காயில் ஸ்பிரிங் இருந்தது. அது போதாதென்று, சேஸியே முறுக்கிக் கொடுக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். கரடுமுரடான இடத்தில் டிரைவர் கேபின் ஒரு பக்கம் சாய, பின்னால் சரக்குப் பெட்டி எதிர்ப்பக்கம் சாயும். பார்ப்பவருக்கு வண்டி ஒடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்.

பெரிய திருப்பம் 1970இல் வந்தது. பொறியாளர் ஸ்பென் கிங் தலைமையில் உருவான ரேஞ்ச் ரோவர் முழு ஆக்சிலை வைத்துக்கொண்டு லீஃப் ஸ்பிரிங்கைக் கைவிட்டது. ஆக்சிலைப் பிடிக்கத் தனிக் கைகள், எடையைத் தாங்க நீளமான காயில் ஸ்பிரிங். பாறை ஒரு சக்கரத்தை மேலே தூக்கினால் அந்த ஆக்சிலே நெம்புகோலாகி மறுசக்கரத்தைக் கீழே அழுத்தும். சாலையிலும் மெத்தென்று ஓடியது. ஆனால் வளைவில் திரும்பினால் நன்றாகவே சாயும்; தொடக்கத்தில் அதில் ஆன்டி ரோல் பார் கிடையாது. இடது வலது சக்கரங்களை இணைக்கும் அந்தக் கம்பி சாய்வைக் குறைக்கும், கூடவே சக்கரத்தின் அசைவையும் குறைத்துவிடும்.

அமெரிக்காவில் இந்த அசைவை அளக்க ஒரு கணக்கே பிறந்தது. 20 டிகிரி சரிவுள்ள மேடையில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றுவார்கள். வேறொரு சக்கரம் தரையைவிட்டு எழும் கட்டத்தில் நிறுத்தி, சரிவில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000ஆல் பெருக்குவார்கள். 80 அங்குல வீல்பேஸ் கொண்ட பழைய ஜீப் 40 அங்குலம் ஏறினால் 500 புள்ளி. 100 அங்குல ரேஞ்ச் ரோவர் அதே 40 அங்குலம் ஏறினால் 400தான். ஆகவே ஏறிய தூரத்தை மட்டும் பார்த்து இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் தவறாகிவிடும்.

ஜீப் ரேங்ளர் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது 1997 மாடலில்தான். பத்து ஆண்டு கழித்து ரூபிகான் வகையில், முன்பக்க ஆன்டி ரோல் பாரை ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றிவிடும் வசதி வந்தது. தார்ச்சாலைக்குக் கம்பி, பாறைக்குக் கம்பி இல்லை.

அதற்குள் எதிர்க்காற்றும் வீசத் தொடங்கியிருந்தது. நகரத்து வாடிக்கையாளருக்கு வேகத்தில் தள்ளாடாத வண்டி வேண்டும். 1998இல் லேண்ட் குரூசர் 100 முன்பக்க முழு ஆக்சிலை விட்டது. 2001இல் மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்று மாறியது. இழந்த அசைவை ஈடுகட்ட, இடது வலது ஏர் ஸ்பிரிங்குகளைக் குழாயால் இணைத்தார்கள். ஒரு பக்கம் அமுங்கினால் காற்று மறுபக்கம் போய் அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ளும். தொங்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, மறுசக்கரத்துக்கு வலுவைத் திருப்பும் எலக்ட்ரானிக்ஸும் கைகொடுத்தது. 2018இல் மெர்சிடிஸ் ஜி வேகனும் முன் ஆக்சிலைக் கைவிட்டது.

இந்தியக் கதையும் இதே தடத்தில்தான். மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வாங்கி இணைக்கத் தொடங்கியது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸிக்கும் நாலாபுறமும் லீஃப் ஸ்பிரிங்தான். மஹிந்திராவின் 2010 தார் முன்பக்கம் தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் பழைய பட்டை என்று பாதிவழியில் நின்றது. 2020இன் தார் பின்பக்கமும் காயிலுக்கு வந்துவிட்டது. ஃபோர்ஸ் கூர்க்கா 2021இல் முன் ஆக்சிலை விட்டது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மட்டும் இன்னும் பட்டையை நம்பியே ஏறுகின்றன. பாரம் தாங்கும், ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அசைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், காயில் ஸ்பிரிங்கோடு கூடிய முழு ஆக்சிலே இன்றும் முன்னால் நிற்கிறது. ரேங்ளர் அதை விடவில்லை. 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியிலும் முன்னும் பின்னும் அதுவே இருக்கிறது. வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.