மறைத்த சுடர்: அன்னம்மாள் ஓவியத்தின் ஒளியும் புத்தளக் கரையும்

எலுவன்குளத்திலிருந்து புத்தளம், பாலாவி வழியே தலவில போனால் புனித அன்னம்மாள் ஆலயம். மார்ச்சிலும் ஒகஸ்ட்டிலும் திருவிழா. நேர்த்திக்கு மெழுகுதிரி ஏற்றாத யாத்திரிகர் குறைவு. இதே அன்னம்மாளைத் திரி வெளிச்சத்தில் காட்டும் பரோக் ஓவியம் ஒன்று நியூயோர்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் உள்ளது: ‘கன்னி மரியாளின் கல்வி’. காலம் ஏறக்குறைய 1650. லொரேன் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் த லா தூரின் மகன் எத்தியேன் வரைந்ததாகக் கருதப்படுகிறது.

அந்த ஒளிக்கு ஒரு வரலாறு உண்டு. திருவுருவங்கள் மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கவேண்டும் என்று 1563இல் திரெந்து சங்கம் விதித்தது. 1600 அளவில் கரவாஜியோ ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் சட்டத்துக்கு வெளியேயிருந்து ஒரு கற்றையைப் பாய்ச்சினார். அதன் மூலம் கண்ணுக்குத் தெரியாது. அது இறைவனின் அழைப்பு. அடுத்த தலைமுறையில் உத்ரெக்தின் ஹொந்தோர்ஸ்த் போன்றோர் சுடரையே படத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒளி வானத்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

ஃபிரிக் ஓவியத்தில் சுவர் வெறுமை. அன்னம்மாள் விரித்த புத்தகத்தைப் பிடித்திருக்கிறார். சிறுமி மரியாள் ஒரு கையில் திரியை ஏந்தி, மறு கையால் சுடரை மறைக்கிறாள். விரல்களினூடே வெளிச்சம் சிவந்து கசிகிறது. பொன்னும் பட்டும் பளபளக்கும் பரோக் அல்ல இது. தோலும் துணியும் தாளும் ஒளியை எப்படி வாங்குகின்றன என்பதே இங்கு அலங்காரம். மரியாள் இறைஞானம் நிறைந்தவள், அவளுக்கு எழுத்துப் படிப்பிக்க ஆள் தேவையா என்று ஸ்பானிய ஓவியர் பச்சேக்கோ இத்தகைய படங்களைக் குறை சொன்னார். அதற்கு இந்தத் தூரிகை நல்ல மறுமொழி தருவதாகவே நான் வாசிக்கிறேன்: புத்தகம் தாயிடம், வெளிச்சம் மகளிடம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் வாசிக்க முடியாது.

சுடரை மறைக்கும் அந்தக் கைக்கு இக்கரையில் வேறொரு பொருளும் சேர்ந்தது. 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். விசித்திரம் என்னவென்றால், அதே ஆண்டுகளில் அவர்களுடைய அம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் தன் வீட்டுப் பரணில் கத்தோலிக்கக் கோயில் கட்டினார். 1663இல் அது முடிந்தது. வெளியே தெரியாதவரை நகராட்சி கண்டுகொள்ளவில்லை. தாயகத்தில் கிடைத்த அந்தச் சலுகை இலங்கையில் கிடைக்கவில்லை. 1667இல் கற்பிட்டியில் அவர்கள் கோட்டை கட்டத் தொடங்கினர். 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த யோசவ் வாஸ் அடிகளார் இரவில், மறைவிடங்களில் திருப்பலி நிறைவேற்றினார். 1690இல் புத்தளம் வந்தார். ஐரோப்பிய ஓவியர் கலைநயத்துக்காகத் தேர்ந்த இருட்டு, இங்கே உயிர் தப்பும் வழி.

ஆகவே இக்கரையின் பரோக்கைக் கான்வாஸில் தேடிப் பயனில்லை. அது சுரூபங்களிலும் அவற்றைச் சுற்றி எரியும் திரிகளிலும் இருக்கிறது. இங்கே ஒளியும் நிழலும் தீட்டப்படுவதில்லை, ஏற்றப்படுகின்றன. பழைய சுரூபத்துக்குத் திருவிழாதோறும் பளபளக்கும் எனாமல் பூசினால் முகத்தின் மடிப்பும் மரத்தின் சொரசொரப்பும் மூடுண்டுபோகும். நிழல் விழ இடமே இராது. புதுவர்ணம் பூசுமுன் சுரூபத்தைத் திரி வெளிச்சத்தில் ஒருமுறையாவது படம் எடுத்துப் பங்குப் பதிவேட்டில் வையுங்கள்.