காக்கிச் சட்டை உண்டு, மாதச் சம்பளம் இல்லை: ஊர்க்காவல் படை என்றால் என்ன? யார் சேரலாம், என்ன அதிகாரம், எவ்வளவு பணம்?

மதுரை சித்திரைத் திருவிழா, திருவண்ணாமலை கார்த்திகை தீபம், தேர்தல் நாள் வாக்குச்சாவடி, மழை வெள்ளம் என எங்கே கூட்டம் கூடினாலும், எங்கே ஆள் பற்றாக்குறை வந்தாலும், போலீஸாருடன் இன்னொரு காக்கிப் படையும் நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தோளில் இருக்கும் பட்டையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அவர்கள்தான் ஊர்க்காவல் படையினர், அதாவது ஹோம் கார்ட்ஸ்.

மாவட்டத்தில் 'ஊர்க்காவல் படைக்கு ஆள் தேர்வு' என்று அறிவிப்பு வந்ததும், 'போலீஸ் வேலை வந்திருக்கு' என்று வாட்ஸ்அப் குரூப்களில் பரவுவது வழக்கம். உண்மையில் இது போலீஸ் வேலை கிடையாது. அப்படியென்றால் இது என்ன?

எப்போது தொடங்கியது?

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, கலவரச் சூழலில் இருந்த பம்பாயில் 1946 டிசம்பர் 6 அன்று இந்தப் படை உருவானது. போலீஸுக்குத் துணையாக, பொதுமக்களில் இருந்தே தன்னார்வலர்களைத் திரட்டுவதுதான் யோசனை. டிசம்பர் 6 இன்றும் ஊர்க்காவல் படை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1962 சீனப் போருக்குப் பிறகு, மாநிலங்களில் தனித்தனியாக இருந்த தன்னார்வ அமைப்புகளை ஒரே மாதிரியான படையாக மாற்றும்படி மத்திய அரசு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1963-ல் வந்தது. நாடு முழுவதும் இந்தப் படைக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை சுமார் 5.73 லட்சம்.

ஆள் எடுப்பது எப்படி?

காவலர் தேர்வு போல மாநிலம் முழுவதற்கும் ஒரே எழுத்துத் தேர்வு இதற்குக் கிடையாது. காலியிடம் வரும்போது, மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகமும் நகரங்களில் கமிஷனர் அலுவலகமும் அறிவிப்பு வெளியிடும். வயது, கல்வித் தகுதி, கடைசி தேதி ஆகியவை அந்த அறிவிப்பிலேயே இருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் இவை மாறலாம் என்பதால், பக்கத்து மாவட்ட அறிவிப்பை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

பொதுவாகப் பார்ப்பது மூன்று விஷயங்கள்: உள்ளூரில் வசிப்பவரா, உடல் தகுதி இருக்கிறதா, குற்ற வழக்கு எதுவும் இல்லாத நன்னடத்தை உள்ளவரா. கடைசி விஷயத்தைப் போலீஸே நேரடியாக விசாரித்து உறுதி செய்யும்.

தேர்வானவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி தரப்படும். கவாத்து, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, முதலுதவி, மீட்புப் பணி ஆகியவை அதில் இருக்கும். சீருடை இலவசம்.

படையை வழிநடத்தும் வட்டாரத் தளபதி போன்ற பொறுப்புகளும் கௌரவப் பதவிகள்தான். பொதுமக்களில் இருந்தே அதற்கும் ஆட்களை நியமிக்கிறார்கள். மருத்துவர், வழக்கறிஞர், தொழிலதிபர் போன்றவர்கள் இந்தப் பொறுப்பில் இருப்பதைப் பார்க்கலாம்.

போலீஸுக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டா?

உண்டு. ஆனால் எப்போதும் இல்லை. பணிக்கு அழைக்கப்பட்டு, டூட்டியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே போலீஸுக்குரிய அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் கிடைக்கும். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டால் அவரும் சாதாரணக் குடிமகன்தான். சொந்தத் தகராறில் சீருடையைக் காட்டி மிரட்ட முடியாது. தெருவில் தானாகவே வண்டியை நிறுத்திச் சோதனை போடவும் முடியாது.

எங்கே நிற்க வேண்டும், யாருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பதைக் காவல்துறை அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். பந்தோபஸ்து, போக்குவரத்து, இரவு ரோந்து ஆகியவைதான் பெரும்பாலும் கிடைக்கும் பணிகள். இதுபோக, கடலை நன்கு அறிந்த மீனவ இளைஞர்களைக் கொண்ட கடலோர ஊர்க்காவல் படையும் தமிழ்நாட்டில் இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு?

பிரச்னை தொடங்குவது இங்கேதான். சட்டப்படி இவர்கள் தன்னார்வலர்கள். அதனால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், பணி நிரந்தரம் கிடையாது. வேலை பார்த்த நாளுக்குத் தினப்படி மட்டும் உண்டு.

பணி நிரந்தரம் கேட்டு இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணி நிரந்தரம் கோர முடியாது என்று சொன்ன நீதிமன்றம், இன்னொன்றையும் சொன்னது. டூட்டி நேரத்தில் இவர்களுக்குப் போலீஸ் அதிகாரம் இருக்கிறது. எனவே 30 நாள் தினப்படியைக் கூட்டினால், அந்த மாநிலப் போலீஸாரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமாக வர வேண்டும் என்பதே அது.

இதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தினப்படி 560 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால், மாதத்தில் பணிக்கு அழைக்கும் நாட்கள் 5 ஆகக் குறைக்கப்பட்டன. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 2,800 ரூபாய். படி உயர்ந்தும் கைக்கு வரும் பணம் உயரவில்லை என்பதால்தான், பணி நாட்களைக் கூட்டுங்கள் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனது.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்ற தன்னார்வப் போலீஸ் முறை இருக்கிறது. அதற்கான சட்டம் 1831-லேயே வந்துவிட்டது. வழக்கமான போலீஸுக்கு உள்ள கைது அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. சம்பளம் கிடையாது, செலவுத் தொகை மட்டும்தான். பொதுவாக மாதம் 16 மணி நேரமாவது வேலை பார்க்க வேண்டும். வேறு வேலையில் இருப்பவர் ஓய்வு நேரத்தில் சேவை செய்கிறார் என்பதுதான் அங்குள்ள அடிப்படை.

நம் சட்டமும் அதே நினைப்பில் எழுதப்பட்டதுதான். ஆனால் இங்கே நிலையான வேலை இல்லாத பலர், இதையே வருமானமாக நம்பிச் சேர்கிறார்கள். சட்டம் 'சேவை' என்கிறது, குடும்பம் 'வேலை' என்கிறது. இழுபறிக்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

சட்டமும் சோதனையும் ஏன் முக்கியம்?

1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' ஒரு எடுத்துக்காட்டு. ஊர்க்காவல் படைக்கு இருப்பது போன்ற தனிச் சட்டமோ, போலீஸ் அதிகாரமோ இந்த அமைப்புக்குக் கிடையாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு உயிரிழந்த விவகாரத்தில் இந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது. அமைப்பின் தரப்பு அதை மறுத்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்தது.

அடுத்தது கொல்கத்தா. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர், போலீஸுக்கு உதவும் 'சிவிக் வாலண்டியர்'. எந்தச் சட்டத்தின் கீழ் இவர்களை எடுக்கிறீர்கள், தகுதி என்ன, பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று அந்த ஆண்டு அக்டோபரில் மேற்கு வங்க அரசிடம் உச்ச நீதிமன்றம் கேட்டது.

தன்னார்வலருக்குச் சீருடை கொடுப்பது சுலபம். யாருக்குக் கொடுக்கிறோம், அவர் யாருக்குப் பதில் சொல்வார், எப்படிப் பிழைப்பார் என்ற மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும். ஊர்க்காவல் படையைப் பொறுத்தவரை முதல் இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மூன்றாவதுதான் இன்னும் தீராத பிரச்னை.

விண்ணப்பிக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டியவை

* இது நிரந்தர அரசு வேலை அல்ல. பணிக்கு அழைத்த நாளுக்கு மட்டுமே பணம்.

* காவலர் ஆக வேண்டுமென்றால், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

* 'பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன், பிறகு பெர்மனென்ட் ஆகிவிடும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. உடனே எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

* வேறு வருமானம் இருந்து, சேவை செய்ய ஆர்வமும் இருந்தால் மட்டும் சேருவது நல்லது.