தரவரிசையும் வரலாற்று வரைவியலும்: அமெரிக்க அதிபர்கள் ஆண்ட்ரூ ஜான்சன், யுலிசீஸ் கிராண்ட் பற்றிய மதிப்பீட்டு மாற்றங்கள் (1948–2021)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அதிபர்களுள் சிறந்தவர் யார், மோசமானவர் யார் என்னும் விவாதத்துக்கு வரலாற்றாசிரியர்களின் கருத்தாய்வுகள் 1948 முதல் ஒரு வடிவம் தந்துள்ளன. லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவரின் இடம் இப்பட்டியல்களில் பெரிதும் மாறவில்லை. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் ஆண்ட ஆண்ட்ரூ ஜான்சன், யுலிசீஸ் கிராண்ட் ஆகியோரின் இடங்கள் தலைகீழாயின. புதிய ஆவணங்கள் கிடைத்ததைவிட, யாருடைய வாழ்வை ஆட்சியின் அளவுகோலாகக் கொள்வது என்பதில் வரலாற்றுத் துறை கொண்ட நிலைப்பாடு மாறியதே இதற்கு முதன்மைக் காரணம் என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க அதிபர்கள், தரவரிசை, மறுசீரமைப்புக் காலம், டன்னிங் குழுவினர், டுபோய்ஸ், வரலாற்று வரைவியல்.

முன்னுரை

ஆட்சியாளர்களை ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது பழைய வழக்கம். அதனைத் துறைசார் அறிஞர்களின் வாக்கெடுப்பாக மாற்றியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் மூத்த ஆர்தர் ஷ்லெசிங்கர். அவர் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அதன் முடிவுகளை 1948இல் ‘லைஃப்’ இதழில் வெளியிட்டார். மிகச் சிறந்தோர், சிறந்தோரை ஒட்டியோர், நடுத்தரத்தினர், நடுத்தரத்துக்குக் கீழானோர், தோல்வியுற்றோர் என ஐந்து வகைகள் அதில் இருந்தன. பதவியில் இருந்தபோது ஆற்றிய பணியை மட்டும் கருத வேண்டும் என்பதைத் தவிர வேறு அளவுகோல் எதுவும் தரப்படவில்லை.

இம்முறை 1962இல் 75 அறிஞர்களுடன் மீண்டும் பின்பற்றப்பட்டது. 1996இல் அவர்தம் மகன் இளைய ஆர்தர் ஷ்லெசிங்கர் இதனைத் தொடர்ந்தார். பின்னர் சி-ஸ்பான் தொலைக்காட்சி நிறுவனம் 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நான்கு கருத்தாய்வுகளை நடத்தியது. நெருக்கடிக்காலத் தலைமை, பொருளாதார மேலாண்மை, அறநெறித் தகைமை, காங்கிரசுடனான உறவு, அனைவருக்கும் சம நீதி முதலிய பத்து அளவுகோல்கள் இவற்றில் கையாளப்பட்டன.

இப்பட்டியல்களில் அதிபர்களின் எண்ணிக்கையும் அளவுகோல்களும் வேறுபடுவதால், ஒரு பட்டியலின் வரிசை எண்ணை மற்றொன்றின் எண்ணோடு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. எனினும் ஒருவரது இடம் நடுப்பகுதியிலிருந்து அடிக்கோ, அடியிலிருந்து நடுப்பகுதிக்கோ நகர்வது வெறும் கணக்கீட்டு வேறுபாட்டால் விளைவதன்று. அத்தகைய நகர்வே இங்கு ஆய்வுப் பொருளாகிறது.

மாறாத இடங்களும் மாறிய இடங்களும்

1948ஆம் ஆண்டுப் பட்டியலில் 29 அதிபர்கள் இடம்பெற்றனர். லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வில்சன், ஜெபர்சன், ஜாக்சன் ஆகிய அறுவர் மிகச் சிறந்தோராகக் கருதப்பட்டனர். கிராண்ட் 28ஆம் இடத்திலும் ஹார்டிங் கடைசி இடத்திலும் தோல்வியுற்றோராக வைக்கப்பட்டனர். ஆண்ட்ரூ ஜான்சனோ 19ஆம் இடம் பெற்று நடுத்தரத்தினருள் ஒருவரானார். 1962இலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

1996இல் ஜான்சன் தோல்வியுற்றோர் வகைக்குத் தள்ளப்பட்டார். கிராண்டும் அவ்வகையிலேயே நீடித்தார். சி-ஸ்பான் கருத்தாய்வுகளில் கிராண்டின் இடம் 2000இல் 33, 2009இல் 23, 2017இல் 22, 2021இல் 20 என உயர்ந்தது. ஜான்சனின் இடம் அதே ஆண்டுகளில் 40, 41, 42, 43 என இறங்கியது. 44 அதிபர்கள் கொண்ட 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவர் உள்நாட்டுப் போரைத் தடுக்கத் தவறிய ஜேம்ஸ் புக்கானன் மட்டுமே.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஜான்சனின் வீழ்ச்சியும் கிராண்டின் ஏற்றமும் ஒரே காலத்தில் நிகழவில்லை. முன்னது முதலில் நேர்ந்தது. பின்னது ஏறத்தாழ ஒரு தலைமுறை தாமதித்து நேர்ந்தது. ஒருவரைக் கண்டிக்கும் அளவுகோல் மாறியவுடன், அதே அளவுகோலால் மற்றொருவரைப் பாராட்டத் துறை உடனே முன்வரவில்லை என்பதை இத்தாமதம் காட்டுகிறது.

டன்னிங் குழுவினரின் செல்வாக்கு

1948இல் வாக்களித்த அறிஞர்களுள் பலர் மறுசீரமைப்புக் காலம் பற்றி ஒரு குறிப்பிட்ட விளக்கத்தைப் பயின்று வளர்ந்தவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் அவ்விளக்கத்தை உருவாக்கினர். டன்னிங்கின் மறுசீரமைப்புக் கால வரலாறு 1907இல் வெளிவந்தது. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வழங்கியது பெரும்பிழை, தென்மாநிலங்களில் அமைந்த புதிய அரசுகள் ஊழலின் உறைவிடங்கள், காங்கிரசின் தீவிரவாதிகள் பழிவாங்கும் நோக்குடையவர்கள் என்பன அதன் மையக் கருத்துகள். டன்னிங் 1913இல் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் தலைவராக விளங்கினார் என்பது அக்கருத்துகள் துறையின் ஓரத்தில் அன்று, நடுவிலேயே இருந்தன என்பதற்குச் சான்றாகும்.

இவ்விளக்கத்தின்படி, தீவிரவாதக் காங்கிரசை எதிர்த்து நின்ற ஜான்சன் அரசமைப்பின் காவலரானார். 1928 முதல் 1930 வரையிலான மூன்றே ஆண்டுகளில் வின்ஸ்டன், ஸ்ட்ரைக்கர், பவர்ஸ், மில்டன், பீல் ஆகியோர் அவருக்குச் சார்பான நூல்களை எழுதினர். 1926இல் உச்ச நீதிமன்றம் மையர்ஸ் வழக்கில், ஜான்சன் மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதவிக்காலச் சட்டம் செல்லத்தக்கதாக இருந்ததில்லை எனக் கருத்துரைத்ததும் அவருடைய பெயரை மீட்கத் துணைபுரிந்தது. 1868இல் செனட் அவையில் 35க்கு 19 என்னும் வாக்குக் கணக்கில், தேவையான மூன்றில் இரு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் அவர் பதவி தப்பியது, அதிபர் பதவியின் தன்னுரிமை காக்கப்பட்ட நிகழ்வாகப் போற்றப்பட்டது.

இவ்வாறு, தரவரிசைப் பட்டியல் தொடங்குவதற்கு முன்பே ஜான்சனின் நடுத்தர இடமும் கிராண்டின் அடிமட்ட இடமும் பாடநூல்களில் எழுதப்பட்டுவிட்டன எனலாம்.

அறியப்பட்டிருந்தும் எண்ணப்படாத சான்றுகள்

ஜான்சன் ஆட்சியின் முதன்மைச் செய்திகள் எவையும் மறைபொருளாக இருந்தவை அல்ல. 1865 மே மாதப் பொதுமன்னிப்பு அறிவிப்பின் வழி முன்னாள் கிளர்ச்சியாளர்கள் பெரும்பாலோருக்கு உரிமைகள் மீண்டன. விடுதலை பெற்ற குடும்பங்கள் குடியேறியிருந்த கடற்கரை நிலங்கள் பழைய உரிமையாளர்களிடமே திரும்பச் சென்றன. மிசிசிபி, தென் கரோலினா முதலிய மாநிலங்கள் கறுப்பினத்தவரின் உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தும் ‘கறுப்பர் சட்டங்களை’ இயற்றின. 1866 மார்ச்சில் குடியுரிமைகள் மசோதாவை ஜான்சன் தம் மறுப்பதிகாரத்தால் திருப்பியனுப்பினார். ஏப்ரலில் காங்கிரஸ் அம்மறுப்பை மீறி அதனைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு மே மாதம் மெம்பிஸ் நகரில் நிகழ்ந்த வன்முறையில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். பதினான்காம் திருத்தத்தையும் ஜான்சன் எதிர்த்தார்.

இவை அனைத்தும் அரசுப் பதிவுகளிலும் நாளிதழ்களிலும் தொடக்கம் முதலே இருந்தன. டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் 1909இல் அமெரிக்க வரலாற்றுக் கழகக் கூட்டத்திலேயே மறுசீரமைப்பு அரசுகளின் நன்மைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பொதுக் கல்வி, மக்களாட்சி முறை, புதிய சமூகச் சட்டங்கள் ஆகியவற்றை அவ்வரசுகள் தென்பகுதிக்கு வழங்கின என்பது அவர் வாதம். 1935இல் அவர் எழுதிய ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இன் அமெரிக்கா’ என்னும் பெருநூல், விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 இலட்சம் மக்களை வரலாற்றின் செயலாளிகளாக முன்வைத்தது. அந்நூலின் இறுதி இயல் வரலாற்றுத் துறையின் சார்பு நிலையையே விசாரணைக்கு உட்படுத்தியது. துறையின் முதன்மை இதழான ‘அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூ’ அந்நூலுக்கு அக்காலத்தில் மதிப்புரையே வெளியிடவில்லை.

எனவே 1948இல் வாக்களித்தோருக்குத் தரவுகள் கிட்டவில்லை எனக் கூற இயலாது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாற்று விளக்கம் அச்சில் இருந்தது. அதனைச் சான்றாக ஏற்கும் மனநிலை துறையில் உருவாகவில்லை என்பதே உண்மை.

மாற்றம் நிகழ்ந்த வழி

குடியுரிமை இயக்கம் வலுப்பெற்ற 1960களில் இந்நிலை மாறத் தொடங்கியது. எரிக் மெக்கிட்ரிக் (1960), ஜான் ஹோப் பிராங்க்ளின் (1961), கென்னத் ஸ்டாம்ப் (1965) ஆகியோரின் நூல்கள் டன்னிங் குழுவினரின் விளக்கத்தைத் தகர்த்தன. எரிக் ஃபோனரின் விரிவான நூல் 1988இல் வெளிவந்து புதிய விளக்கத்தை நிலைநாட்டியது. 1996ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜான்சன் அடைந்த வீழ்ச்சியை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

கிராண்ட் தொடர்பான மறுமதிப்பீடு மெதுவாக நிகழ்ந்தது. அவர்மீதான ஊழல் குற்றச்சாட்டுகள் பொய்யானவை அல்ல. 1875இல் வெளிப்பட்ட விஸ்கி வரி மோசடி, 1876இல் போர்த்துறைச் செயலர் பெல்நாப் பதவி விலகியமை ஆகியன அவர் நிர்வாகத்தின் தளர்ச்சியை மெய்ப்பிக்கின்றன. ஆனால் அதே ஆட்சியில் பதினைந்தாம் திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. நீதித்துறை தனி அமைச்சகமாக உருப்பெற்றது. 1871இல் கூ கிளக்ஸ் கிளான் அமைப்பை ஒடுக்கும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு ஆணையின் செயல்பாட்டை நிறுத்திவைத்து, கிளான் உறுப்பினர்களைக் கைது செய்ய கிராண்ட் ஆணையிட்டார். ஊழலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர் தோல்வியுற்றவர். குடிமக்களின் உயிர்ப் பாதுகாப்பையும் சேர்த்து அளந்தால் அம்முடிவு நிற்பதில்லை.

இதனால் கிராண்ட் குறையற்றவராகிவிடவில்லை. 1875இல் மிசிசிபியில் தேர்தல் வன்முறை பெருகியபோது அவரது அரசு படை அனுப்பத் தயங்கியது. முன்பு அவரது உறுதி மறைக்கப்பட்டதுபோல், இன்று இத்தயக்கம் மறைக்கப்படுமாயின் அதுவும் அதே வகைப் பிழையாகும்.

வில்சன்: ஓர் ஒப்பீடு

இதே இயக்கத்தை உட்ரோ வில்சனிடமும் காணலாம். 1948இல் நான்காம் இடத்தில் இருந்த அவர், சி-ஸ்பான் கருத்தாய்வுகளில் 2000இல் 6, 2021இல் 13 எனப் பின்தங்கினார். நாட்டினங்களின் தன்னாட்சி பற்றிய நம்பிக்கையோடு அவர் பெயர் உலகெங்கும் இணைத்துப் பேசப்பட்டது. சென்னை ஹோம் ரூல் இயக்கத்தின் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917இல் இந்தியாவின் தன்னாட்சிக்கு ஆதரவு வேண்டி அவருக்கே கடிதம் எழுதினார். ஆனால் வில்சன் ஆட்சி 1913 முதல் வாஷிங்டனின் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்துவைத்தது. வெளியிலிருந்து நோக்கியோரும் உள்ளிருந்து பாதிக்கப்பட்டோரும் ஒரே மனிதரிடம் கண்டவை வேறுவேறு. பழைய பட்டியல்கள் முன்னதை மட்டுமே எண்ணின.

இக்கால மதிப்பால் அளக்கும் குற்றமா?

கடந்தகாலத்தவரை இன்றைய மதிப்புகளால் அளப்பது முறையன்று என்பது இம்மாற்றங்களுக்கு எதிராக எழுப்பப்படும் முதன்மையான வாதம். பொதுவான எச்சரிக்கை என்ற அளவில் இது ஏற்கத்தக்கதே. ஆயினும் இங்கு இது பொருந்தவில்லை. 1866 பிப்ரவரியில் பிரடெரிக் டக்ளஸ் உள்ளிட்ட குழுவினர் வெள்ளை மாளிகையில் ஜான்சனை நேரில் சந்தித்து வாக்குரிமை கோரினர். 1914இல் இதழாசிரியர் மன்றோ டிராட்டர் வில்சனை நேரில் சந்தித்து அலுவலக இன ஒதுக்கலைக் கண்டித்தார். ஜான்சனின் மறுப்பைக் காங்கிரசின் மூன்றில் இரு பங்கினரே மீறினர். ஆகவே சம உரிமை என்னும் அளவுகோல் இக்காலத்தார் பின்னோக்கிச் சுமத்தியதன்று. அந்தந்தக் காலத்திலேயே அந்தந்த அதிபரின் முகத்துக்கு நேரே வைக்கப்பட்டது. டன்னிங் குழுவினரின் அளவுகோலும் காலத்துக்கு அப்பாற்பட்டதன்று. அது இன ஒதுக்கல் சட்டங்கள் நிலவிய தம் காலத்தின் அளவுகோலே.

இன்றைய முறைக்கும் எல்லை உண்டு. சி-ஸ்பான் கருத்தாய்வில் பத்து அளவுகோல்களும் சம எடை பெறுகின்றன. நிர்வாகத் திறனும் சம நீதியும் ஒரே அளவு மதிப்பெண் கொண்டவை என்னும் முடிவு, எண்களுக்குள் மறைந்திருக்கும் ஓர் அறநெறித் தீர்ப்பு. அது விவாதிக்கப்படாமலே ஏற்கப்படுகிறது. 1942இல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட வழிவகுத்த ஆணையில் ஒப்பமிட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், முதல் மூவருள் அசையாது நிற்பது இத்தீர்ப்பின் விளைவுகளுள் ஒன்று.

முடிவுரை

ஜான்சன், கிராண்ட், வில்சன் ஆகியோரின் இட மாற்றங்களிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தரவரிசை மாற்றத்துக்குப் புதிய ஆவணங்களைவிட, இருந்த ஆவணங்களுள் எவை சான்றாக ஏற்கப்பட்டன என்பதே முதன்மைக் காரணமாகும்.

2. தரவரிசை, வரலாற்றாய்வைக் காலந்தாழ்ந்தே பின்தொடர்கிறது. டுபோய்ஸ் 1935இல் முன்வைத்த விளக்கம் பட்டியலில் புலப்பட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

3. பாதிக்கப்பட்டோரின் சமகால எதிர்ப்பு பதிவாகியுள்ள இடங்களில், இக்கால மதிப்பைத் திணித்தல் என்னும் குற்றச்சாட்டு வலுவிழக்கிறது.

4. எனவே இப்பட்டியல்களை அதிபர்களைப் பற்றிய தீர்ப்பாக மட்டும் கொள்ளாது, அவற்றை உருவாக்கிய தலைமுறைகளைப் பற்றிய முதன்மைச் சான்றாகவும் பயன்படுத்த வேண்டும்.

சிறந்த தலைவர் யார் என்னும் வினாவை எழுப்புவோர், யாருக்குச் சிறந்தவர் என்பதையும் அதனோடு சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது. 1948ஆம் ஆண்டுப் பட்டியல் அதைக் கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டுப் பட்டியல் அதனைப் பத்தில் ஒரு பங்காகக் கேட்டுள்ளது.