உப்புக்காத்தும் ரீகால் கடுதாசியும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. "ஆள் இருக்கியா இல்லையா"ன்னு ரெண்டு நண்பர்கள் மெயில் போட்டே கேட்டுட்டாங்க. இருக்கேன் மக்களே, ஊருக்குப் போயிருந்தேன். போன இடத்துல கிடைச்ச மேட்டர்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டுட்டு வந்து உக்காருங்க :)

மண்டபத்துல இருக்கிற என் சின்ன மாமா ஒரு ஏழு சீட்டு எஸ்யூவி வச்சிருக்கார். சென்னைக்காரர் ஒருத்தர் ஒரு வருஷம் ஓட்டிட்டு வித்த வண்டி. பார்க்கப் புதுசுதான், பின் சீட்டுல பாலிதீன் கவர்கூட கிழிக்கல. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பேத்தியை ஏத்திக்கிட்டு பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய் வருவார்.

நான் போயிருந்தப்ப டயர் மாத்த ரெண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். பட்டறை பாய் சும்மா பேச்சுவாக்குல, "அண்ணே, இந்த மாடலை கம்பெனியில திரும்பக் கூப்பிட்டாங்களே, போய்ட்டு வந்துட்டீங்களா?"ன்னார். மாமா முழிச்சார். "எவன் கூப்பிட்டான்? எனக்கு ஒரு கடுதாசியும் வரலியேப்பா."

அங்கேயே நின்னு சேசிஸ் நம்பரை போன்ல தட்டிப் பார்த்தேன். ஆமாம், வந்திருக்கு. பிரேக் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன பார்ட்டை இலவசமா மாத்திக்கணும்னு அறிவிச்சு பதினாலு மாசம் ஆச்சு. கடுதாசியும் எஸ்எம்எஸ்ஸும் சென்னைக்காரர் விலாசத்துக்குப் போயிருக்கு. ஆர்சி புத்தகத்துல பேர் மாறிச்சு, கம்பெனி கணக்குல மாறல. (கம்பெனி பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய வியாதி இல்ல.)

பதினாலு மாசம், பேத்தியோட, பாம்பன் பாலத்து மேல... அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த 'ரீகால்'ங்கிற சமாச்சாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல நம்ம ஊர்

எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் துருவைப் பத்திப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மீன்பிடி படகு ஆணி, எல்லாத்தையும் உப்புக்காத்து தின்னுடும். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914ல. 1988 அக்டோபர் 2ஆம் தேதி ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்குள்ள காரை ஓட்டிட்டுப் போக வழியே இல்ல, ரயில்ல ஏத்தித்தான் கொண்டுபோகணும். தனுஷ்கோடிக்கு அதுகூடக் கிடையாது. 1964 புயலுக்கு அப்புறம் அங்க ரோடே இல்ல. மணல்லயும் கடல் தண்ணியிலயும் இறங்கி ஓடுற பழைய ஜீப்பும் வேனும்தான். அடித்தகடு அரிச்சு ஓட்டையாகி, உள்ள உக்காந்தே தரையைப் பார்க்கலாம் :) அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது 2017ல. இப்ப ஊர்ப்பட்ட எஸ்யூவியும் அங்க போய் நின்னு ரெண்டு பக்கமும் கடல் தெளிக்கிற உப்பை வாங்கிட்டுத் திரும்புது.

பழைய ரயில் பாலத்துக்கு என்ன ஆச்சு? 2022 டிசம்பர் 23ஆம் தேதி, தூக்குப்பாலப் பகுதியில கோளாறுன்னு ரயிலை நிறுத்தினாங்க, நிறுத்தினது நிறுத்தினதுதான். புதுப் பாலத்தை 2024 நவம்பர்ல ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்தார். அரிப்பு சம்பந்தமாவும் மத்த விஷயத்துலயும் சில குறைகளைச் சொல்லி எழுதினார். ரயில்வே கமிட்டி போட்டுச்சு. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாலத்தைத் திறந்தாங்க. சரியோ தப்போ, பாலம்னா வந்து பார்த்துக் குறை எழுத ஒரு ஆள் இருக்கார். நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிக்கு அப்படி யாரு இருக்கா? ரீகாலோட வரலாறே இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் ஆரம்பிச்ச கதை

1965ல ரால்ஃப் நாடர்னு ஒரு இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். கார்கள் எந்த வேகத்துல போனாலும் ஆபத்துதான்னு அர்த்தம் வர்ற தலைப்பு. விபத்து நடந்தா ஓட்டினவனை மட்டும் திட்டுறீங்களே, வண்டியை அப்படிச் செஞ்சவனை யாரு கேக்கறதுன்னு கேட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன பண்ணிச்சு? அவர் பின்னாடி துப்பறியற ஆளுங்களை அனுப்பிச்சு. அது வெளிய வந்து, கம்பெனித் தலைவரே 1966ல செனட் முன்னாடி மன்னிப்பு கேட்டார். அந்த வருஷம் செப்டம்பர்லயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு.

அந்தச் சட்டத்துல ரெண்டு விஷயம் எனக்கு உறைச்சுது. ஒண்ணு, குறை இருந்தா வண்டிக்காரருக்குத் தபால்ல தெரிவிக்கணும்னுதான் இருந்துச்சு. இலவசமா சரிபண்ணித் தரணும்ங்கிற கட்டாயம் 1974 திருத்தத்துலதான் வந்துச்சு. ரெண்டாவது, அந்தத் தபால் முதல்ல வாங்கினவருக்கும், வாரண்டி கைமாறியிருந்தா அந்த அடுத்த ஆளுக்கும் போகணும். மத்தவங்க? எங்க மாமா மாதிரி ஆளுங்க அப்பவே கணக்குல இருந்து விழுந்துட்டாங்கன்னு வச்சுக்குங்க.

சூடு சொன்ன சாட்சி

குடும்ப எஸ்யூவின்னா ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரைச் சொல்லாம இருக்க முடியாது. 1990ல வந்த வண்டி. அமெரிக்காவுல பிள்ளைகுட்டிக்காரங்க எல்லாம் இதுலதான் போனாங்க. அதுல மாட்டின ஃபயர்ஸ்டோன் டயர் ஓடும்போதே மேல்பட்டை உரிஞ்சு வந்துச்சு. உயரமான வண்டி, டயர் போனதும் உருண்டுச்சு. 2000 ஆகஸ்ட்ல 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. அமெரிக்காவுல மட்டும் 200 பேருக்கு மேல செத்துட்டாங்க.

இதுல நம்ம ஊருக்கு ஒரு சேதி இருக்கு. புகார் அதிகமா வந்தது டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா மாதிரி சூடான இடங்கள்லேர்ந்து. டயர்ல காத்து கம்மி, வண்டியில பாரம் அதிகம், ரோடு கொதிக்குது, வேகமாப் போறது... இதெல்லாம் சேர்ந்தா ஒட்டு விட்டுடும். அதைவிட, அமெரிக்காவுல அறிவிக்கறதுக்கு முந்தின வருஷமே, 1999லயே, சவூதியில அந்த டயர்களை மாத்திக் குடுத்திருக்காங்க. அமெரிக்க அரசுக்குச் சொல்லல. அப்ப எங்க ராமநாதபுரம் ஜில்லாவுலேர்ந்து சவூதியில வேலை பார்த்தவங்க எத்தனை பேர் அந்த ரோட்டுல போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். இந்தக் கூத்துக்கு அப்புறம்தான், வெளிநாட்டுல திரும்பக் கூப்பிட்டா இங்கயும் சொல்லியே ஆகணும்னு 2000 கடைசியில அமெரிக்கா புதுச் சட்டம் போட்டுச்சு.

ஈரம் சொன்ன சாட்சி

அடுத்தது டகாட்டா ஏர்பேக். பையை ஊத வைக்கிற டப்பாவுல அம்மோனியம் நைட்ரேட் வில்லை வச்சாங்க. வருஷக்கணக்கா ஈரக்காத்தும், பகல் சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறியும் பட்டா அந்த வில்லை கெட்டுப்போகும். கெட்டது வேகமா எரியும். டப்பா தாங்காம வெடிச்சு, உயிர் காக்க வந்த பையோட இரும்புச் சில்லும் சேர்ந்து முகத்துல அடிக்கும். உலகம் முழுக்க சுமார் 10 கோடி டப்பாக்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. டகாட்டா கம்பெனி 2017ல திவாலாச்சு.

2014ல அமெரிக்காவுல எந்த ஊர் வண்டிகளை முதல்ல கூப்பிட்டாங்க தெரியுமா? ஃபுளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ. கடலும் சூடும் ஈரமும் உள்ள இடங்கள். அந்தப் பட்டியலைப் படிச்சப்ப, அடடே இது பாம்பன் கிளைமேட் ஆச்சேன்னுதான் எனக்குத் தோணுச்சு.

இந்தியாவுலயும் ஹோண்டா 2015 செப்டம்பர்ல சுமார் 2.2 லட்சம் கார்களையும், 2016 ஜூலையில சுமார் 1.9 லட்சம் கார்களையும் இதுக்காகக் கூப்பிட்டுச்சு. 2003ல செஞ்ச வண்டியெல்லாம் அதுல இருந்துச்சு. அதாவது 12 வருஷப் பழசு. இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரேன்.

நம்ம நாட்டுல

இங்க ரொம்ப நாளைக்கு ஒண்ணுமே இல்ல. 2012 ஜூலையில கார் கம்பெனிகளோட சங்கமான சியாம், நாங்களே முன்வந்து திரும்பக் கூப்பிடறோம்னு ஒரு விதிமுறை கொண்டுவந்துச்சு. கட்டாயம் கிடையாது.

அடுத்த வருஷமே பெரிய பூதம் கிளம்புச்சு. செவ்ரலே டவேரா! ராமேஸ்வரம் வந்த யாரும் டவேராவுல ஏறாம போயிருக்க மாட்டீங்க. மதுரை ஏர்போர்ட்லேர்ந்து கோயில் வாசல் வரைக்கும் அதுதான் ஓடிச்சு. 2013 ஜூலையில 1.14 லட்சம் டவேராக்களைக் கூப்பிட்டாங்க, 2005லேர்ந்து செஞ்சது. புகை அளவு சரியில்ல, ஊழியர்கள் சோதனை விதிகளை மீறினாங்கன்னு கம்பெனியே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துச்சு. எட்டு வருஷம் இதை வெளியிலேர்ந்து யாரும் கண்டுபிடிக்கல பாருங்க.

2016ல மறைமலைநகர்ல செஞ்ச ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல் வண்டிகள், சுமார் 48 ஆயிரம். வண்டிக்கு அடியில எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்பைச் சரிபண்ணக் கூப்பிட்டாங்க. எங்க ஊர்ல உப்பு முதல்ல போய் உக்கார்றது அந்த இடத்துலதான். தண்ணி அடிச்சுக் கழுவும்போது மேல பளபளன்னு துடைப்போம், அடியில யாரு பார்க்கறா?

2019ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 110ஏ பிரிவு வந்துச்சு. அரசாங்கமே வண்டியைத் திரும்பக் கூப்பிட உத்தரவு போடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1லேர்ந்து நடப்புக்கு வந்துச்சு. அபராதம் 10 லட்சத்துலேர்ந்து 1 கோடி வரைக்கும். வண்டிக்காரங்க அரசாங்கத் தளத்துல புகார் பதியலாம். எத்தனை வண்டி வித்திருக்கோ அதுக்கு ஏத்த எண்ணிக்கையில புகார் சேர்ந்தா நடவடிக்கை. ஆனா வண்டி ஏழு வருஷத்துக்கு உள்ள இருக்கணும்.

இப்ப அந்த 12 வருஷக் கணக்கை எடுங்க. உப்பும் ஈரமும் செய்யிற வேலை மெதுவான வேலை. ஏழு வருஷத்துல பல்லைக் காட்டாது, பத்தாவது வருஷம் கடிக்கும். அந்த நேரத்துல வண்டி மூணாவது கையில, பரமக்குடியிலயோ கீழக்கரையிலயோ ஓடிட்டு இருக்கும். கட்டாயச் சட்டம் அதைத் தொடாது. கம்பெனி மனசு வச்சாத்தான் உண்டு. எங்க கடற்கரைக்கு இது ஒரு ஓட்டைன்னுதான் நான் சொல்வேன். ஏழு வருஷத்துக்கு மேல கம்பெனியை இழுத்தா வியாபாரம் எப்படின்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா ஏர்பேக், பிரேக் மாதிரி உயிர் சமாச்சாரத்துக்காவது வயசு பார்க்கக் கூடாது.

புது வண்டிகளும் தப்பல

புது வண்டிதானேன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. 2022 அக்டோபர்ல கியா காரென்ஸ் 44,174 வண்டி, ஏர்பேக் கட்டுப்பாட்டு மென்பொருள் சரிபார்க்க. 2023 ஆகஸ்ட்ல மஹிந்திரா எக்ஸ்யூவி700, 1,08,306 வண்டி, என்ஜின் பக்கத்து வயர்க் கட்டு உரசுதான்னு பார்க்க. 2025 நவம்பர்ல மாருதி கிராண்ட் விட்டாரா 39,506 வண்டி, பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு தப்பா காட்டலாம்னு.

இதைப் பார்த்து "அய்யய்யோ மட்டமான வண்டி"ன்னு முடிவு கட்டாதீங்க. கூப்பிடறவன் குறையை ஒத்துக்கிறான். கூப்பிடாதவன் வண்டியில குறையே இல்லைன்னு அர்த்தம் இல்ல. டவேரா கதையே சாட்சி. பயப்பட வேண்டியது கூப்பிட்டும் போகாத வண்டிக்குத்தான். எங்க மாமா வண்டி மாதிரி.

இன்னொண்ணு. எக்ஸ்ப்ளோரர் விவகாரத்துல வண்டிக்காரங்க எழுதின புகார்தான் ஆரம்பம். அதை யாரோ ஒருத்தர் சேர்த்து வச்சுப் பார்த்தாங்க. எங்க ஊர்ல பிரேக் இழுத்தா பட்டறைக்குப் போவோம், ஐந்நூறு ரூபா குடுத்துச் சரிபண்ணுவோம், டீக்கடையில திட்டுவோம். எழுத மாட்டோம். எழுதாத குறை எந்தக் கணக்குலயும் ஏறாது.

மாமா வண்டி

மறுநாளே வண்டியை எடுத்துக்கிட்டுப் போனோம். சர்வீஸ் சென்டர்ல முதல்ல "உங்க பேர்ல இல்லையே சார்"னு இழுத்தாங்க. சேசிஸ் நம்பரைக் காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க. முக்கால் மணி நேர வேலை, காசு வாங்கல. கழட்டின பார்ட்டை மாமா கேட்டு வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுதான். "இதுக்காடா பதினாலு மாசம்?"னார். அப்புறம் மண்டபம் வர்ற வரைக்கும் பேசவே இல்ல. மனுஷன் எப்பவும் வாய் ஓயாதவர். சாயங்காலம் பேத்தி பாலத்துக்குப் போகலாம்னு கேட்டப்பதான் சாவியைக் கையில எடுத்தார்.

சரி மக்களே, ஒரு வேலை பண்ணுங்க. ஆர்சி புத்தகத்தை எடுத்து, சேசிஸ் நம்பரை உங்க வண்டிக் கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. செகண்ட் ஹேண்ட் வண்டின்னா இன்னிக்கே. கூடவே உங்க பேரையும் போன் நம்பரையும் அவங்க கணக்குல ஏத்தச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை. பார்த்துட்டு என்ன வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கடற்கரை ஊர்க்காரங்க யாராச்சும் இருந்தா, வண்டிக்கு அடியில துருப்பிடிக்காம என்ன பண்றீங்கன்னும் எழுதுங்க, மாமா கேட்டுக்கிட்டே இருக்கார் :)