பீர் பாட்டில் போன பாதை

ஜப்பானில் சுஷி சாப்பிடப் போகிறவருக்கு ஒரு காலத்தில் பசியோடு கொஞ்சம் பயமும் இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சுஷிக்காரர் நிற்பார். சுவரில் விலை இருக்காது. அன்றைக்கு மீன் என்ன விலையோ அதுதான் விலை. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம், பில் வரும்வரை படபடப்பு. இந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது பீர் ஆலையில் பாட்டில் சுமந்த ஓடுபட்டை.

ஹிகாஷி ஒசாகா சிறு ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே நின்றபடி சாப்பிடும் சின்ன சுஷிக் கடை வைத்திருந்தார் யோஷியாக்கி ஷிராயிஷி. மலிவாகப் போட்டதால் ஆலைத் தொழிலாளிகள் மொய்த்தார்கள். பரிமாறத்தான் ஆள் கிடைக்கவில்லை. அசாஹி பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், வரிசையாக நகர்ந்த பாட்டில்கள் அவர் கண்ணுக்குத் தட்டுகளாகத் தெரிந்தன.

அந்தப் பட்டை கடைக்குள் வந்து சேரப் பல வருடங்கள் பிடித்தன. நேராக ஓடவிடுவது சுலபம். மூலையில் திருப்புவதுதான் பாடு. பிறை வடிவத் தகடுகளைக் கோத்த பிறகே தட்டு சிந்தாமல் சிதறாமல் வளைந்தது. அடுத்தது வேகம். விரைந்து ஓடினால் தட்டை எடுக்கக் கை தயங்கும். ஊர்ந்தால் பசித்தவன் பொறுக்கமாட்டான். கடைசியில் நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்று முடிவானது. பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவர் நம் இலையைத் தாண்டிப் போய்விடும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த 8 சென்டிமீட்டரின் அருமை புரியும்.

1958-இல் கென்ரோகு சுஷி என்ற பெயரில் தட்டுகள் சுற்றத் தொடங்கின. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் இதை நாடறியச் செய்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குக் கடை திறந்தார்கள். கூச்சம் போன இடத்தில் குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. தட்டின் நிறம்தான் விலைப்பட்டியல். சாப்பிட்டு அடுக்கிய தட்டுகளை எண்ணினால் கணக்கு முடிந்தது. கோப்பையில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, மேசையிலேயே இருக்கும் குழாயில் வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம். கொதிக்கிற தண்ணீர், கை கழுவுகிற குழாய் என்று நினைத்து விரலை நீட்டிவிடக் கூடாது. நார்வேக்காரர்கள் 1980களில் கொண்டுவந்து விற்ற சால்மனும் இந்தப் பட்டையில் ஏறித்தான் பிரபலமானது. அதற்கு முன் ஜப்பானியர்கள் ஒட்டுண்ணிக்குப் பயந்து அந்த மீனைச் சுட்டுத்தான் தின்றார்கள்.

ஷிராயிஷி அதோடு நிற்கவில்லை. பரிமாறுவதற்கு ரோபோவையும் இறக்கிப் பார்த்தார், எடுபடவில்லை. 2001-இல் காலமானார்.

2023 தொடக்கத்தில் ஒரு கடையில் இளைஞர் ஒருவர் சோயா சாஸ் புட்டியை நக்கிவிட்டு, எச்சில் விரலால் ஓடும் சுஷியைத் தொடுகிற வீடியோ பரவியது. எல்லாரும் ஒரே வரிசையிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் ஓடிய பட்டை அது. பல கடைகள் தட்டுகளைச் சுற்றவிடுவதை நிறுத்தின. திரையைத் தொட்டுக் கேட்டால், கேட்டவர் மேசைக்கு மட்டும் தட்டு நேராக வந்து நிற்கிறது.

அதே ஆண்டு ஒரு பெரிய நிறுவனம் சில கிளைகளில் மேசையோரம் நீளமான திரைகளைப் பதித்தது. அதில் சுஷியின் படங்கள் மட்டும் மெல்ல நகர்ந்து போகின்றன.